பொறுத்துப்போகும் மோடம்

லைன் விழுந்ததை ரூய்தாவ் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. பக்கத்து மேசையில் போயென்னின் நாற்காலி பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் இடித்தது. அந்த வாரம் முழுக்க அந்தச் சத்தத்துக்கு ஒரே பொருள்தான்.

“போச்சுக்கா,” என்றான் போயென். “இந்தத் தடவை மதியச் சாப்பாடு வர்ற வரைக்கும்கூடத் தாங்கல.”

மோடத்தின் முகப்பில் ஆடாமல் எரிய வேண்டிய விளக்கு இமைத்துக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் தேங்காய்ச் சுவைச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. சிஞ்சு ஊர்த் தொழிற்சாலைகளில் எந்த இயந்திரத்தையும் பொட்டலம் இல்லாமல் ஓட்ட மாட்டார்கள். பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும், காலாவதி ஆகாததாக இருக்க வேண்டும்; இருந்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும்.

“தேதி பாத்தியா?” என்று கேட்டாள்.

“பாத்தேன். பொரி அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும். நமக்குத்தான் வெள்ளிக்கிழமையோட காலாவதி.”

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அறையில் யாரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலையோடு இந்தச் சோதனை முடிகிறது. அதற்குள் அவர்களுடைய மோடம் டென்மார்க் கம்பெனியின் புதுப் பெட்டியோடு ஒரு முழு நாள் அறுபடாமல் பேசிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மோடம் பிரிவையே மூடிவிடுவதென்று தலைமை அலுவலகத்தில் பேசி முடித்தாகிவிட்டது. ஒரு காலத்தில் நாற்பது பேர் இருந்த பிரிவில் இப்போது ஆறு பேர். ரூய்தாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அந்த வயதில் வேலை போனால் சந்தையில் இறைச்சி உருண்டை பிடிக்கத்தான் போக வேண்டும். அதற்கும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது.

டெலிபோனுக்காக யாரோ எந்தக் காலத்திலோ மண்ணுக்குள் புதைத்த செம்புக் கம்பியில்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. தெருமுனையில் ஒரு பெட்டி, வீட்டுக்குள் ஒரு மோடம், நடுவில் அந்தக் கம்பி. பெட்டியைச் செய்கிறவர்கள் ஒரு நாட்டில், மோடத்தைச் செய்கிறவர்கள் இன்னொரு நாட்டில். முன்பின் பார்க்காத இரண்டு வீட்டார் சம்பந்தம் செய்துகொள்வது மாதிரி. யார் முதலில் பேச வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் பதில் வர வேண்டும் என்பதையெல்லாம் தரநிலைப் புத்தகம் வரி வரியாகச் சொல்கிறது. இரண்டு வீட்டாரும் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் வருவார்கள். படித்தும் பந்தலில் சண்டை வரும். அதனால்தான் ஊரில் விற்பதற்கு முன்னால் இப்படி ஒரு கூடத்தில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, பெரிய உருளைகளில் சுற்றிய செம்புக் கம்பியால் இணைத்துப் பார்ப்பது. பக்கத்து ஊரான ஜூபெயில் இருந்த அந்தக் கூடத்துக்கு ரூய்தாவ் இருபது வருடங்களாக வந்துபோகிறாள்.

அவள் ஷின்பு பக்கத்து ஹக்கா இனத்தார் வீட்டில் நான்காவது பெண். நான்காவது பெண்ணுக்குச் சோற்றுப் பானை கடைசியில்தான் வரும். வரும்போது அடி பிடித்திருக்கும். அவள் அடிச்சோறுதான் தனக்குப் பிடிக்கும் என்று சொல்லிப் பழகினாள். சொல்லிச் சொல்லி அது உண்மையாகவும் ஆகிவிட்டது. தொழிற்பள்ளியில் படித்தாள், பதினெட்டு வயதில் தொழிற்சாலை வரிசையில் ஈயம் பற்றவைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள், மாலைக் கல்லூரியில் பட்டம் வாங்கிச் சோதனைப் பிரிவுக்கு வந்தாள். எங்கே போனாலும் வழிவிடுகிறவள் அவள்தான். லிஃப்டில் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்று, எல்லாரும் இறங்கிய பிறகே இறங்குவாள். அதனால் கூட்டங்களுக்கு எப்போதும் கடைசியாக வந்து, எப்போதும் மன்னிப்புக் கேட்பாள்.

அவள் கணவன் சிங்யுவான் குன்ஷானில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். கடலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. முதலில் மாதம் ஒருமுறை வந்தான். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. இப்போது புத்தாண்டுக்கு மட்டும். அங்கே அவனுக்கு இன்னொரு வீடு இருக்கிறதென்று சிஞ்சுவில் பலருக்கும் தெரியும். ரூய்தாவுக்கும் தெரியும். அவள் கேட்டதில்லை.

எட்டு வருடங்களுக்கு முன்னால் இதே கூடத்தில்தான் அது நடந்தது.

ஒரே கட்டுக்குள் பல வீட்டுக் கம்பிகள் ஒட்டிக்கொண்டு ஓடும். ஒரு வீட்டின் பேச்சு அடுத்த வீட்டின் காதில் இரைச்சலாக விழும். அதனால் புதிதாக ஒரு வீடு இணைப்பில் சேரும்போதெல்லாம், பெட்டி மற்ற மோடங்களிடம், ‘இரைச்சலை அளக்கப்போகிறேன், தயாரா?’ என்று கேட்கும். மோடம் குறித்த நேரத்துக்குள் ‘தயார்’ என்று சொல்ல வேண்டும். அன்று வந்திருந்த டென்மார்க் பெட்டி கேள்வியைச் சரியாகக் கேட்டது. ஆனால் பதிலுக்குக் காதைத் திறக்கத் தாமதித்தது. மோடம் புத்தகத்தில் உள்ளபடி பதில் சொன்னால் அது மூடிய காதில் விழுந்தது. பிழை பெட்டியில். ரூய்தாவ்தான் அதைக் கண்டுபிடித்தாள்.

அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் நேரில் வந்திருந்தார். நரைத்த தாடிக்காரர், அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர். கூடத்தில் எல்லாருக்கும் ஊரிலிருந்து கொண்டுவந்த சாக்லேட்டை ஆளுக்கொன்றாக நடந்து நடந்து கொடுத்தார். அவரிடம் போய் உங்கள் பெட்டிக்குக் காது மந்தம் என்று எப்படிச் சொல்வது? அன்றிருந்த மேலாளரும் வாடிக்கையாளரிடம் தப்புக் கண்டுபிடிக்கவா சம்பளம் தருகிறோம் என்று கேட்டார். ரூய்தாவ்தான் வழி சொன்னாள். “நாமே கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்லிட்டா என்ன?”

அப்படியே செய்தார்கள். எதிரே இருப்பது அந்தக் கம்பெனியின் பெட்டி என்று தெரிந்தால் மோடம் கொஞ்சம் பொறுக்கும். எவ்வளவு பொறுப்பது என்பதையும் அதுவே எதிராளியைப் பார்த்து முடிவு செய்துகொள்ளும். லைன் விழாமல் நின்றது. தாடிக்காரர் கைகுலுக்கிவிட்டு ஊருக்குப் போனார். அந்த வருடக் கடைசி விருந்தில் மேலாளர் ரூய்தாவுக்குக் கோப்பையை உயர்த்தினார்.

அதற்குப் பிறகு ஏனோ டென்மார்க் ஆர்டர் வருடாவருடம் சுருங்கியது. விலையைக் குறைத்தார்கள், நிறத்தை மாற்றினார்கள், மோடத்தை இன்னும் மெல்லியதாகச் செய்தார்கள். ஒன்றும் உதவவில்லை. யாரை வேலையிலிருந்து அனுப்புகிறாரோ அவர் பக்கம் முதலாளி விருந்துக் கோழியின் தலையைத் திருப்பிவைப்பார் என்பது பழைய வழக்கம். இப்போதெல்லாம் யாரும் அப்படிச் செய்வதில்லை. தலையை வெட்டிவிட்டுத்தான் கோழியைக் கொண்டுவருகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் சில நாற்காலிகள் காலியாயின.

“இந்த வருஷம் ஆறு தலைக் கோழி ஆர்டர் பண்ணணும்,” என்று போயென் சொல்லிக்கொண்டே மோடத்தை மறுபடி இயக்கினான். அவனுக்கு வயது முப்பத்தாறு, மோடத்துக்குள் ஓடும் நிரல் அவன் பொறுப்பு, வீட்டில் இரட்டைக் குழந்தைகள். பயந்தால் வேடிக்கை பேசுவான்.

எதிர் மேசையில் டென்மார்க் பொறியாளர் எஸ்கில் நெட்டையாக, தன் பெட்டிக்குப் பக்கத்தில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார். லைன் விழுந்ததை அவரும் பார்த்தார். ஒரு வாழைப்பழத்தை உரித்து, பாதியைச் சாப்பிட்டு, மீதியை அப்படியே மேசைமேல் வைத்தார். தோற்கிறவர்களைப் பார்க்கக் கூடாது என்கிற மாதிரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே இலையுதிர்காலக் காற்று வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களில் இரண்டைச் சாய்த்துவிட்டிருந்தது.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு ரூய்தாவ் லிஃப்டுக்கு வந்தபோது எஸ்கில் அங்கே நின்றிருந்தார். கதவு திறந்தது. அவள் கையை நீட்டி அவருக்கு வழிவிட்டாள். அவர் தலையை ஆட்டி அவளுக்கு வழிவிட்டார். அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அவர் இரண்டடி நகர்ந்தார். அவள் குனிந்து வணங்கினாள். அவரும் அந்த ஊர் வழக்கத்துக்குக் குனிந்தார். கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் காலியாக மேலே போயிற்று.

எஸ்கில் வாய்விட்டுச் சிரித்தார். ரூய்தாவ் சிரிக்கவில்லை. சூடான பெட்டி கையைச் சுடச்சுட அங்கேயே நின்றாள். பிறகு மாடிப்படி வழியாக ஓடினாள்.

“போயென், கேள்வி வர்ற நேரத்தை எடு. நம்ம பதிலை விடு. அவங்க கேள்வி எப்ப வருதுன்னு பாரு.”

“அவங்க கேள்வில என்ன இருக்கு?”

“எடுடா முதல்ல.”

அவன் எடுத்தான். காலையிலிருந்து, புது வீடு என்று சோதனைக்காக ஒவ்வொரு மோடத்தைச் சேர்த்தபோதும் பெட்டி கேட்ட கேள்விகள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. புத்தகத்தின்படி எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒவ்வொரு கேள்வியும் முந்தினதைவிட மயிரிழை முன்னால் வந்திருந்தது. அதன் எதிரே மோடத்தின் பதில் ஒவ்வொன்றும் மயிரிழை பின்னால் போயிருந்தது. காலையில் கிட்டக்கிட்ட இருந்த இரண்டு வரிசையும் மதியத்துக்குள் விரிந்து விரிந்து, ஓரிடத்தில் ஒன்றுக்கொன்று எட்டாமல் போயின. அங்கேதான் லைன் விழுந்தது.

போயென் இரண்டு வரிசையையும் விரலால் தொட்டுப் பார்த்தான். “நாம தாமதம்னு நெனச்சு அவங்க முந்திக் கேக்கறாங்க,” என்றான். “அவங்க முந்திக் கேட்டா நம்ம மோடம், இவங்களுக்குக் காது இன்னும் மந்தமாயிடுச்சுன்னு இன்னும் பொறுக்குது.”

“அவங்க காதைச் சரிபண்ணியிருப்பாங்க. புதுப் பெட்டி இல்லையா. இப்ப காது ஒழுங்காத்தான் திறக்குது.”

“அப்ப நம்ம பொறுக்கறதை எடுத்துடலாம். இப்பவே.”

“பழைய பெட்டி இருக்கற ஊரெல்லாம்?”

அவன் தலையில் கைவைத்தான். தெற்கு ஐரோப்பாவில் தெருத்தெருவாகப் பழைய பெட்டிகள் இன்னும் நின்றன. பழையதும் புதியதும் ஒரே பெயரைத்தான் சொல்லிக்கொள்கின்றன; எது எதுவென்று மோடத்துக்குத் தெரியாது. பொறுப்பதை எடுத்தால் இங்கே லைன் விழாமல் நிற்கும், அங்கே வீடு வீடாக விழும். புதுப் பெட்டிதான் முந்துவதை நிறுத்த வேண்டும். அதுதான், நான் புதியவன் என்று ஓர் அடையாளமும் சொல்ல வேண்டும். அதாவது எஸ்கில் செய்ய வேண்டும். அதாவது எஸ்கிலிடம் சொல்ல வேண்டும்.

மேலாளர் குவோ நல்லவர். யாரையும் நோகடிக்காமலே மேலாளர் ஆனவர். இரண்டு மாதங்களாக வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை மென்றுகொண்டிருந்தார். ரூய்தாவ் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு இன்னொரு மாத்திரையைப் பிரித்தார்.

“அவர்கிட்ட போய் என்னன்னு சொல்லுவீங்க தாவ் அக்கா? உங்க பெட்டிக்கு எட்டு வருஷமா காது கேக்கல, நாங்கதான் மூடி வெச்சோம்னா?”

“அப்படிச் சொல்ல வேணாம். நயமா...”

“நயமா சொல்ற வார்த்தை எந்த பாஷையில இருக்குன்னு சொல்லுங்க. நானே போய்ச் சொல்றேன்.”

அவள் அவர் பிரித்துப்போட்ட மாத்திரை உறையை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

“அவங்க வாங்கறவங்க,” என்றார் குவோ. “இந்தச் சோதனையில தோத்தா நம்ம பிரிவு போகும். அவங்க முகத்தைக் கெடுத்தோம்னா கம்பெனிக்கே அவங்க கதவைச் சாத்திடுவாங்க. வேற வழி பாருங்க. நீங்க எப்பவும் ஒரு வழி கண்டுபிடிப்பீங்களே.”

அந்தப் பாராட்டோடு வெளியே வந்தாள். போயென் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது அவனுக்கு.

“சரின்னுட்டு வந்துட்டீங்க.”

“வேற வழி பார்க்கச் சொன்னாரு.”

“பாப்பீங்க. கிடைக்காது. அப்பவும் பரவாயில்லன்னு சொல்லுவீங்க.” அவன் குரலில் வேடிக்கை இல்லை. “அந்த மோடம் அப்படியே உங்க குணம் அக்கா. எதிர்ல நிக்கறவன் என்ன பண்ணினாலும் தானே ஒரு அடி பின்னால போகும். நான் சேர்ந்தப்பவே அந்த நிரலைப் படிச்சுட்டு, இதை எழுதச் சொன்னது யாருன்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னாங்க. நீங்க பொறுத்துக்குவீங்க. எம் புள்ளைங்க ரெண்டும் பொறுக்காது.”

அவள் வெளியே போய், காற்றில் சாய்ந்துகிடந்த தன் ஸ்கூட்டரை நிமிர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் விழுந்துகிடந்த யாருடையதையோ கூட நிமிர்த்தி வைத்தாள்.

அன்று மாலை சிங்யுவான் பேசினான். புதன்கிழமை அவன் பேசுகிற நாள்.

“அடுத்த மாசம் வரலாம்னு பாத்தேன். ஆனா இங்க வேலை நெருக்குது.”

“பரவாயில்ல. நீ சிரமப்படாத.”

“உனக்கும் வேலை இருக்கும்.”

“ஆமா, எனக்கும் இருக்கு.”

“அப்ப புத்தாண்டுக்குப் பாக்கலாம்.”

“பாக்கலாம்.”

பேசி முடித்த பிறகு அரிசிச் சேமியாவைக் கொதிக்கும் நீரில் போட்டாள். அது குழைந்து பசையாகும்வரை அடுப்பருகில் நின்றுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை கூடத்துக்கு அவள்தான் முதலில் வந்தாள். எஸ்கில் வந்து கோட்டைக் கழற்றும் முன்பே அவர் மேசைக்குப் போனாள். அவளுடைய ஆங்கிலம் சோதனைக்கூட ஆங்கிலம். அதில் மன்னிப்புக் கேட்க மட்டும் நிறைய வார்த்தைகள் உண்டு. அவை எதையும் எடுக்காமல் பேசினாள்.

“உங்க பழைய பெட்டி காதைத் தாமதமாத் திறக்கும். எட்டு வருஷம் முன்னாடி இதே கூடத்துல நான் பாத்தேன். உங்ககிட்ட சொல்லல. எங்க மோடத்தைப் பொறுக்கச் சொல்லிட்டோம். இப்ப உங்க புதுப் பெட்டி எங்களுக்காக முந்திக் கேக்குது. அதனாலதான் லைன் விழுது.”

கோட்டின் ஒரு கை இன்னும் தோளில் தொங்க எஸ்கில் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்து தன் திரையைத் திறந்தார். அவள் போயென் எடுத்த வரிசையைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“உங்க மோடம் மெதுவான மோடம்னு நாங்க நெனச்சோம்,” என்றார் கடைசியில். “எல்லாத்துக்கும் தாமதமாத்தான் பதில் சொல்லும். விலை குறைவு, சிப்பு மட்டம்னு நெனச்சோம். சொன்னா உங்களுக்கு அவமானமா இருக்கும்னு யாரும் சொல்லல. பேசாம நாங்களே முந்திக் கேட்டுக்கலாம்னு வெச்சுட்டோம்.”

“எப்பலேர்ந்து?”

“முந்திக் கேக்கறது இந்தப் புதுப் பெட்டியிலதான். ஆனா மெதுவானதுங்கற பேரு ரொம்ப நாளா இருக்கு.” அவர் தயங்கினார். நேராகப் பேசிய பெண்ணுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். “அதனாலதான் ஒவ்வொரு வருஷமும் உங்ககிட்ட கம்மியா வாங்கினோம். மெதுவான மோடத்தை எத்தனை நாள் வாங்கறது?”

ரூய்தாவ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா,” என்றார் எஸ்கில், “அந்தப் பெரியவர் அந்த வாரமே சரிபண்ணியிருப்பாரு. அவரு அப்படிப்பட்டவரு. தப்பைக் கண்டுபிடிச்சா சாக்லேட் குடுப்பாரு.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது நெஞ்சில் இறங்கியது. பற்றவைக்கும் பகுதியில் இருந்த இரண்டு சகோதரிகள், அறைக்கு அறை தண்ணீர் மாற்றிய ஊமைப் பெரியவர், வேலை போன மறுநாளும் பழக்கத்தில் சீருடையோடு வாசலுக்கு வந்துவிட்ட, பொட்டலம் கட்டும் பகுதிப் பெண். ஒவ்வொருவர் போகும்போதும் ரூய்தாவ்தான் அவர்கள் சாமான் பெட்டியை வாசல்வரை தூக்கிக்கொண்டுபோய் வைத்தாள். எவ்வளவு நல்ல மனசு என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களை அனுப்பியது யாரென்று அவர்களுக்கும் தெரியாது. அவளுக்கும் இன்று காலைவரை தெரியாது.

எஸ்கில் தன் ஊருக்குப் பேசினார். அங்கே விடியாத நேரம். யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்பினார். அந்த மொழி ரூய்தாவுக்குத் தெரியாது. ஆனால் நடுநடுவே அவர் குரல் உயர்ந்தது தெரிந்தது. பத்து மணிவாக்கில் பெட்டிக்குள் இருந்த முந்துதலை எடுத்துவிட்டு, புதுப் பெட்டி தன்னைப் புதியதென்று சொல்லிக்கொள்ள ஓர் எண்ணைச் சேர்த்தார். போயென் இந்தப் பக்கம் அந்த எண்ணைக் கண்டால் பொறுக்காதே என்று ஒரு வரி எழுதினான். இருவரும் தலை நிமிராமல் வேலை செய்தார்கள். லைன் எழுந்தது.

குவோ வந்து பார்த்தார். எஸ்கில் திரையையும் ரூய்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் தேடினார்; காலியாக இருந்தது.

மறுநாள் மதியம்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். சாயங்காலம் வாகன நிறுத்தத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ரூய்தாவ் குன்ஷானுக்குப் பேசினாள். புதன்கிழமை அல்லாத நாளில் அவள் பேசியது அதுவே முதல் தடவை.

“என்னாச்சு?” என்றான் சிங்யுவான். “யாருக்காவது ஒடம்புக்கு...”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒண்ணு சொல்லணும். நீ வரவேணாம்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல. பரவாயில்லன்னு சொன்னேனே, அதெல்லாம் பொய்.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள். அவன் கையில் போன் இருக்கும்போது, சத்தத்தைக் குறைத்த கை வேறொருவருடையது.

“வரலாமான்னு நான் கேட்ட ஒவ்வொரு தடவையும் நீ வேணாம்னியே,” என்றான். கோபமாகக்கூட இல்லை. “நான் வந்தா உனக்குத் தொந்தரவுன்னு நெனச்சேன். மாசாமாசம் வர்றது குறைஞ்ச புதுசுல டிக்கெட் வாங்கி வெச்சுட்டுத்தான் கேப்பேன். தெரியுமா?”

“தெரியாது.”

“இப்ப சொல்றியே ரூய்தாவ்.”

காற்று போனுக்குள் புகுந்து இரைந்தது. அவன், காத்தா அடிக்குது, உள்ள போ, என்றான். அவள் உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை காலை மோடத்தின் விளக்கு இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. மதியமும் எரிந்தது. புது வீடுகள் ஒவ்வொன்றாக இணைப்பில் சேரச் சேர, கேள்வியும் பதிலும் ஒரே நேர்கோட்டில் இறங்கிக்கொண்டே போயின. முழு நாள் முடிந்ததும் கூடத்துக்காரர் வந்து முத்திரை வைத்தார். போயென் பொரிப் பொட்டலத்தைக் கையில் எடுத்தான், பிரிக்கப்போகிறவன் மாதிரி பார்த்தான், மறுபடி மோடத்தின் மேலேயே வைத்தான். “இது ஒண்ணும் பண்ணலக்கா. ஆனாலும் இருக்கட்டும்.” எஸ்கில் அவள் கையைக் குலுக்கினார். நடந்ததையெல்லாம் அறிக்கையில் எழுதிவிட்டதாகவும், பழைய பெட்டியின் பிழையையும் மறைக்கவில்லை என்றும் சொன்னார். “உங்க பேரையும் எழுதியிருக்கேன். நல்லபடியாத்தான்.”

நான்கு மணிக்குக் குவோ ஆறு பேரையும் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். தானே தேநீர் ஊற்றினார்.

“தலைமை ஆபீஸ்ல சந்தோஷம்,” என்றார். “ஆர்டர் வரும்போலத்தான் தெரியுது.” யாரோ நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். “ஆனா அறிக்கை டென்மார்க்ல மேலிடம் வரைக்கும் போயிடுச்சு. எட்டு வருஷமாத் தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு கேக்கறாங்க. அங்கயும் சில பேருக்கு முகம் சுண்டிப்போச்சு. நம்ம பக்கத்துலேர்ந்து யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கிட்டு, தானா விலகிக்கிட்டா, இது இதோட முடியும். மத்தவங்களுக்குப் பிரச்சினை இருக்காது.” கெட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். “நான் யாரையும் சொல்லல.”

யாரும் ரூய்தாவைப் பார்க்கவில்லை. போயென்கூடத் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அறையில் எல்லாருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். கேள்வி கேட்டாயிற்று. பதில் வழக்கமாக வருகிற இடத்திலிருந்து வர வேண்டும். ரூய்தாவின் தொண்டைக்குள் அந்த வார்த்தை தயாராக இருந்தது. ஐம்பது வருடமாக அங்கேயே குடியிருக்கிற வார்த்தை. பரவாயில்லை, நான் போகிறேன். சொன்னால் எல்லாரும் கொஞ்சம் அழுவார்கள். அவளுக்குப் பெட்டி தூக்க போயென் வாசல்வரை வருவான்.

“நான் போகல,” என்றாள்.

குவோ நிமிர்ந்தார். “நான் உங்களைச் சொல்லலையே தாவ் அக்கா.”

“சரி. அப்ப யாருன்னு சொல்லுங்க.”

“அப்படியில்ல...”

“யார் போகணும்னு நெனைக்கறீங்களோ அவங்க பேரை நீங்களே சொல்லுங்க மேனேஜர். நானா இருந்தா என் பேரைச் சொல்லுங்க. கேட்டுக்கறேன். நீங்க சொல்லாம நானாப் போக மாட்டேன்.”

குவோ கெட்டிலை மறுபடி கையில் எடுத்தார். திங்கட்கிழமை அவர் சொல்லிவிடக்கூடும். கடிதமாகக்கூட வரலாம். அவளுக்கு அது தெரியும். கோப்பையைத் தொடாமலே உட்கார்ந்திருந்தாள்.

அவள் குவோவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பதிலுக்குக் காத்திருந்தாள்.